மடித்த வளையம்

புரட்டாசி முதிர்ந்து, ஐப்பசி இன்னும் பிறவாத இடைப்பொழுது. ஆடியிலும் ஆவணியிலும் மலைக்கணவாய் வழியே இறங்கிப் பனைகளின் தலையைப் பற்றி உலுக்கிய மேல்காற்று, ஒருநாள் யாரிடமும் விடைபெறாமல் நின்றுவிட்டது. மழை கொணரும் கீழ்க்காற்றான கொண்டலோ கடல் கடந்து வந்திலது. இரண்டு காற்றுகளுக்கு நடுவே நெய்தல் நிலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. உப்பளப் பாத்திகளில் நீர் அசையவில்லை. அந்நீரில் விழுந்த வானமும் அசையவில்லை. கரையேற்றிய படகுகளின் கொடிகள் கம்பத்தோடு ஒட்டித் தொங்கின. உச்சிக்காலத்து மணியோசை நெடுந்தொலைவு செல்ல மனமின்றிக் கோயில் மதிலுக்குள்ளேயே வீழ்ந்து அடங்கியது. ஒவ்வொரு பிற்பகலும் கடலின்மேல் மேகம் திரண்டது, கறுத்தது, சூல் முதிர்ந்தவள்போல் தளர்ந்து நின்றது. பின்பு பெய்யாமலே கலைந்தது. நாய்கள் ஓரிடத்தில் படுத்து, எழுந்து, வேறோரிடத்தில் படுத்தன. பெய்யாத மழையின் வெம்மை மனிதர் நெஞ்சிலும் ஏறியிருந்தது. கடைத்தெருவில் காரணமின்றிச் சண்டைகள் மூண்டன.

வெண்மணற்பட்டினத்தார் இந்தக் காற்றற்ற காலத்தைக் கடப்பதற்கென்றே மண்ணுக்கடியில் ஒரு வளையம் வைத்திருந்தார்கள். மீக்கடத்திக் கம்பியைப் பன்முறை சுற்றி அமைத்த மாபெரும் காந்தம் அது. ஹீலியக் குளிரில் அமிழ்ந்திருக்கும்வரை அக்கம்பி மின்னோட்டத்தைத் தடுப்பதில்லை. ஒருமுறை புகுந்த மின்சாரம் ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கும். ஆடிக்காற்றில் காற்றாலைகள் ஈன்றதெல்லாம் அதற்குள் சுழன்றது. காற்றில்லா நாளில் ஊர் அதைச் சிறுகச் சிறுக எடுத்து உண்டது. வளையத்தின் மேற்குப் பாதி பட்டினத்தின் கீழ், துறைமுகமும் ஐஸ் ஆலைகளும் பெரிய ஆஸ்பத்திரியும் நிற்கும் நிலத்தடியில் சென்றது. கிழக்குப் பாதி சங்குமேட்டு உப்பளங்களின் கீழ் சென்றது.

அந்த வளையத்தின் நிழலைப் பேணுபவள் திலகவதி. நிழல் என்பது கணிப்பொறிக்குள் அவள் கட்டிய மற்றொரு வளையம். உண்மை வளையத்தில் ஓடும் மின்சாரத்தையும், ஏறி இறங்கும் வெப்பத்தையும் அது கணந்தோறும் கணித்துக்கொண்டே, உண்மைக்குச் சற்று முன்னே ஓடும். நாற்பதைக் கடந்த அவள் நாள்தோறும் பதிகம் ஓதிவிட்டு வேலைக்கு வருபவள். சில நாட்களாக ஓதும்போதும் அவள் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. எங்கோ ஒரு சொல்லைத் தவறவிட்டவள்போல் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவாள். எந்தச் சொல் என்பது மட்டும் தெரியாது.

அன்று முற்பகலில், கட்டுப்பாட்டு அறையின் பெரிய மேசைமுன் அமர்ந்திருந்த ஜெபராஜ் திரையைக் காட்டினான்.

"வளையம் மறுபடி முணுமுணுக்குக்கா. அதே எடந்தான். கெழக்குல, அந்த மேட்டுப் பக்கம்."

"நிழல் என்ன சொல்லுது?"

"வெறும் அதிர்வுங்கு. பம்பு ஓடுத சத்தம், இல்லன்னா உணரி பழசாப் போச்சுன்னு. அதான் உமையாக்காவும் இன்னும் ரெண்டு பேரும் உணரிய மாத்த உள்ள எறங்கியாச்சு. நீங்க ஒங்க நிழல நம்பலன்னா நாங்க யார நம்புததாம்?"

உமையாள் திலகவதியுடைய கணவனின் தங்கை. சங்குமேட்டில் வாழ்க்கைப்பட்டவள், சுரங்கப் பராமரிப்புக் குழுவின் தலைவி. அவள் சிரிப்பு முதலில் வரும், சொல் பிறகு வரும். சுரங்கத்திலிருந்து தொலைபேசி ஒலித்தபோதும் அவ்வாறே வந்தது.

"என்ன மதினி, எங்க அண்ணனுக்குக் காலைல சோறு போட்டியளா? இல்ல ஒங்க நிழலுக்கு மட்டுந்தான் படையலா?"

"ஒங்க அண்ணன் ரெண்டு தட்டு இட்லி தின்னுட்டுத்தான் போனாவ. நீ வேலயப் பாரு."

"வேல நடக்கு. எங்கூட வந்திருக்கால்ல செல்லக்கனி, அவளுக்கு உள்ள எறங்குனதுல இருந்து ஒரே பயம். நீங்களே சொல்லுங்க அவகிட்ட."

தொலைபேசி கை மாறியது. மெல்லிய குரல் ஒன்று, "அக்கா, இந்தக் கம்பி எப்ப வெடிக்கும்னு தெரியுமாக்கா?" என்றது.

"வெடிக்காதும்மா. எங்கயாச்சும் ஒரு எடத்துல சூடு பட்டா, அந்த எடம் மட்டும் சாதாரணக் கம்பியாயிரும். கரண்டு அதுல உரசி இன்னும் சூடாகும். அதுக்குப் பேரு குளிர்முறிவு. அது தொடங்குனா ஒரு சின்ன மின்னழுத்தம் தெரியும். தெரிஞ்ச ஒடனே உள்ள இருக்கது அம்புட்டையும் வெளிய வடிச்சிரலாம்."

"வடிக்கலன்னா?"

"கம்பி உருகிக் குளிர்ப்பெட்டியில ஓட்டை விழும். ஹீலியம் வெளிய வந்து சுரங்கத்துல காத்தே இல்லாமப் பண்ணிரும். ஆனா அந்த அளவுக்குப் போகாது. நிழல் பாத்துக்கிட்டே இருக்கு."

மீண்டும் உமையாளின் குரல். "கேட்டியாட்டி? பாத்துக்கிட்டே இருக்காம். அது சரி மதினி, ஒங்க திரையில நாங்க எங்கன நிக்கோம்? சொல்லுங்க, இவ நம்பட்டும்."

திலகவதி திரையை நோக்கினாள். மூன்று பச்சைப் புள்ளிகள். "நிக்கிய, நிக்கிய. மூணு பேரும் ஆஸ்பத்திரிக்கு நேர் கீழ..."

சிரித்துக்கொண்டே தொடங்கியவள் நிறுத்தினாள்.

"ஆஸ்பத்திரியா?" உமையாள் உரக்கச் சிரித்தாள். "நாங்க சங்குமேட்டுல உப்புக்குக் கீழ நிக்கோம். சாகுறதுக்கு முந்தியே எங்கள ஆஸ்பத்திரில சேத்துட்டியளே! சரி, வைங்க, பெட்டியத் தெறக்கணும்."

தொடர்பு அறுந்தது. திலகவதி திரையையே பார்த்திருந்தாள்.

காரணம் அவளுக்குத் தெரிந்ததுதான். வட்டம் என்பது ஒத்த இரு பாதிகளால் ஆனது. முழு வளையத்தையும் கணிக்கப் புகுந்தால் கணிப்பொறி உண்மைக்குப் பின்னே தங்கிவிடும். பாதியை மட்டும் கணித்தால் முன்னே ஓடும். ஆகவே அவள் வளையத்தை நடுவே மடித்தாள். மேற்குப் பாதியைக் கணித்து, கிழக்கை அதன் பிம்பமாகக் கொண்டாள். இத்துறையில் உள்ளவர் அனைவரும் செய்வது அது; அதைக் குறையென்று எவரும் சொன்னதில்லை. அவளுடைய நிழலில் கிழக்கு என்றொரு திசையே இல்லை. அங்கே நிற்பவர் மேற்கில் நிற்பவராகவே தோன்றுவர்.

இத்தனை நாளும் அது அவளுக்கு ஒரு வசதி. இன்று மூன்று பேர் அதற்குள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஜெபராஜ், கெழக்குப் பாதிக்கு வேற கம்பிதான போட்டாங்க?"

"ஆமாக்கா. பழைய கம்பி குடுத்தவன் கடைய மூடிட்டாம்லா. அப்பொறம் வந்தது புதுக் கம்பி. அது இன்னும் ஒசத்தி, நல்லா சூடு தாங்கும். நீங்கதான கூட்டத்துல சொன்னிய? மட்டமான பாதிய வச்சு ரெண்டுக்கும் கணக்குப் போட்டா நமக்குப் பாதுகாப்பான பக்கம்னு. எல்லாரும் தலையாட்டுனோமே."

அவள் சொன்னதுதான். சொன்ன நாளின் வெயிலும், மேசைமேல் இருந்த தேநீர்க் குவளைகளும் அவள் நினைவில் எழுந்தன. ஒருவரும் மறுக்கவில்லை. நல்ல கம்பிக்கு மட்டமான கம்பியின் கணக்கைப் போடுவதில் என்ன தீங்கு வந்துவிடும்?

"தாங்கும்," என்றாள் தனக்குத்தானே. எழுந்தாள், அமர்ந்தாள், மீண்டும் எழுந்தாள். "ஜெபராஜ், தாங்குததுதான் ஆபத்து."

"என்னக்கா சொல்லுதிய?"

"பழைய கம்பியில ஒரு எடம் விழுந்தா, தாங்க மாட்டாம பக்கத்து எடமும் ஒடனே விழும். அதுக்குப் பக்கத்துல அடுத்தது. நொடியில பெரிய நீளமே விழுந்துரும். அப்பச் சத்தம் பெருசா வரும்; நிழலும் ஒடனே பிடிச்சிரும். புதுக் கம்பி அப்பிடி இல்ல. ஒரு எடம் வெந்தாலும் பக்கத்து எடம் அசையாம நிக்கும். சூடு பரவாது. பரவாததுனால சத்தமும் வராது. அந்த ஒரு எடம் மட்டும் உள்ளுக்குள்ளயே வெந்துக்கிட்டே இருக்கும். உருகுத வரைக்கும் முணுமுணுப்புத்தான்."

ஜெபராஜின் கை விசைப்பலகையில் அசையாமல் நின்றது. "அப்ப நிழலு?"

"கூச்சலுக்குக் காத்துக்கிட்டு இருக்கு."

ஒரே திருமேனியில் இரு பாதியும் கொண்டு நிற்கும் அம்மையப்பனை அவள் நாள்தோறும் பாடி வணங்குபவள். ஒரு செவியில் தோடு, ஒரு செவியில் குழை. ஒருபுறம் செஞ்சாந்து, ஒருபுறம் வெண்ணீறு. அம்மேனியின் ஒரு பாதியை மற்றதன் பிம்பமென்று எண்ணித் தொழுதார் ஒருவரும் இலர். அவ்வாறு தொழுத நாவினால்தான், மறுபாதியும் இதே என்று அவள் உரைத்திருந்தாள்.

நிலையத் தலைவர் நெல்லையப்பன் தம் அறையில் மின்விசிறியின் நேர்கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்திருந்தார். திலகவதி வாயிலில் நின்றவாறே சொன்னாள்.

"அண்ணாச்சி, உள்ள இருக்க மூணு பேரையும் வெளிய கூப்பிடணும். வளையத்த வடிக்கணும்."

"மொதல்ல சொன்னது சரி. கூப்பிட்டுரு. ரெண்டாவது சொன்னதத் திருப்பிச் சொல்லு."

அவள் அனைத்தையும் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்தபின் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெந்துக்கிட்டிருக்குன்னு தெரியுமா, வெந்துக்கிட்டிருக்கலாம்னு தெரியுமா?"

"இருக்கலாம்னுதான்."

"முழு வளையத்துக்கும் கணக்கு ஓட்டிப் பாக்கக் கூடாதா?"

"சாயங்காலம் ஆயிரும்."

"அப்ப சாயங்காலம் வா. ஆளுக வெளிய வந்திருவாவ, கம்பி தப்பிச்சாத் தப்பிக்கட்டும், உருகுனா உருகட்டும். உயிர் போகாதுல்லா?"

அது நேர்மையான விடை. திலகவதி கட்டுப்பாட்டு அறைக்கு ஓடிச் சுரங்கத்தை அழைத்தாள்.

"மதினி, இப்பத்தான பெட்டியக் கழத்துனோம்..."

"போட்டது போட்டபடி கெடக்கட்டும். ஏறி வாங்க."

உமையாளின் குரலில் சிரிப்பு மறைந்தது. "செல்லக்கனி மேட்டுக்கு அந்தப் பக்கம் வயரப் பிடிச்சிட்டு நிக்கா. அவளக் கூட்டிட்டு, ஆவுடையம்மாளையும் கூட்டிட்டு நடக்கணும். ஏணி வாசல் வரைக்கும் நல்ல தூரம். என்ன மதினி, ஏதும் பெருசா?"

"நட உமையா. பேசாம நட."

திரையில் முணுமுணுப்பின் கோடு ஏறியிருந்தது. வழக்கமாக ஏறும்; இறங்கும். இம்முறை பாதி இறங்கி அங்கேயே தங்கியது. மீண்டும் ஏறியது, முன்னிலும் சற்று மேலே தங்கியது. பெட்டியைக் கழற்றியதால் வந்த கோளாறாகவும் இருக்கலாம். நிழல் பச்சை விளக்குடன், சலனமற்ற முகத்துடன், அதிர்வு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று புள்ளிகள் ஆஸ்பத்திரியின் கீழே ஊர்ந்துகொண்டிருந்தன.

நெல்லையப்பன் அவள் பின்னால் வந்து நின்றார். அவர் குரல் தணிந்திருந்தது.

"தெலகா, போன வருசம் பம்பு அதிர்ந்ததுக்கு ஊரையே இருட்டாக்குனோம். முறிவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எங்க அண்ணன் கரண்டுல ஓடுத மூச்சு மெசின மாட்டிக்கிட்டு வீட்டுல கெடந்தான். நான் இங்கன நின்னு, 'தவறான எச்சரிக்கை, கவலை வேண்டாம்'னு ஊருக்கு மைக்குல சொல்லிக்கிட்டிருந்தேன். அதுக்கப்பொறந்தான ஒன்னயக் கூட்டிட்டு வந்தது? பொய்யையும் மெய்யையும் பிரிச்சுச் சொல்ல ஒரு ஆளு வந்தாச்சுன்னு ஊரே நிம்மதியா ஒறங்குச்சு."

"நான் பாதி ஊருக்குத்தான் அண்ணாச்சி சொல்லியிருக்கேன்."

"காத்து கெடையாது. வெளியூர்க் கம்பியில வாரது கால் பங்கு. திருப்பிக் குளுர வச்சு நெரப்ப மழக்காத்து வரணும். ஆஸ்பத்திரி டீசல் எஞ்சின் பாதி வார்டுக்குத்தான் வரும். எத்தன நாளுன்னு யாருக்குத் தெரியும்? மூணு பேரு செத்துப் போகலாம்னு நீ சொல்லுத. ஆஸ்பத்திரியில கெடக்கவுகளப் பத்தி நான் சொல்லுததும் அதே 'லாம்'தான்."

தராசின் இரு தட்டிலும் வைக்கப்பட்டவை மனித உயிர்கள். இரு தட்டின் மேலும் மூடுதுணி கிடந்தது. கீழே நடப்பவள் தன் நாத்தனார் என்பதால் கை ஒருபுறம் சாய்கிறதா என்று திலகவதி தன் நெஞ்சைக் கேட்டாள். நெஞ்சு வாய் திறக்கவில்லை.

வளையத்தை வடிக்கும் அதிகாரம் தலைவருடையது. நிழலை விலக்கும் உரிமையோ அதைக் கட்டியவளுடையது. நிழல் விலகினால், அதற்கு முன்பிருந்த பழைய காவற்கருவி விழித்துக்கொள்ளும். அதற்கு ஐயம் என்பது தெரியாது. காதில் விழுந்த எந்த முணுமுணுப்பையும் மெய்யென்றே கொள்ளும். கொண்ட கணமே வடித்துவிடும்.

"அண்ணாச்சி, நான் வடிக்கச் சொல்லல. அது ஒங்க பொறுப்பு. ஆனா, கெழக்குல ஒண்ணுமில்லன்னு என் பேரால நிழல் சொல்லிக்கிட்டிருக்கு. எனக்கு அது தெரியாது. தெரியாதத நான் இனிமேச் சொல்ல முடியாது. என் சாட்சிய நான் வாபஸ் வாங்குதேன்."

தடுக்க நினைத்திருந்தால் நெல்லையப்பன் அவள் கையைப் பற்றியிருக்கலாம். ஜெபராஜை நோக்கி ஒரு சொல் உரைத்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல் தொலைபேசியை எடுத்தார்.

"ஒரு நிமிசம் பொறு. ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடுதேன்."

அவர் பேசி முடிக்கும்வரை அவள் பொறுத்தாள். அந்தக் காத்திருப்பில் கோடு மேலும் ஏறியதா, தன் கண்தான் ஏறக் கண்டதா என்று பின்னாளில் அவளால் உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை. அவர் தலையசைத்தார். அவள் நிழலை விலக்கினாள்.

ஓசை எதுவும் எழவில்லை. மின்விசிறிகள் மட்டும் ஒவ்வொன்றாகச் சோர்ந்து நின்றன. சங்குமேட்டுக்கு அப்பால், வெற்று உப்புத் தரையில் மின்சாரத்தை வெம்மையாக்கித் தீர்க்க வரிசையாக நிறுத்தியிருந்த இரும்புத் தட்டிகளுக்குள் வளையம் தன்னை முழுவதும் வடித்தது. தட்டிகள் செம்மை பூண்டன. பின்பு வெண்மை பூண்டன. ஆடியும் ஆவணியும் வீசிய காற்றெல்லாம் மீண்டும் வெம்மையாகி வானேறியது. ஏறிய வெம்மையின் இடத்தை நிரப்பக் கடல்பக்கத்திலிருந்து காற்று ஓடி வந்தது. பல நாட்களாகக் காற்றறியாத உப்பளத்துப் பெண்கள் நிமிர்ந்து, பறக்கும் முந்தானைகளைப் பற்றிக்கொண்டு, மழை வந்துவிட்டதென்று வானத்தைப் பார்த்தார்கள்.

கைவிளக்குடன் ஏணியேறி வந்த உமையாள், வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கியபடி, "யாருட்டி சோறு வச்சிருக்கா?" என்று கேட்டாளாம். பிறகுதான் செல்லக்கனியின் கையை விட்டாளாம்.

மறுநாள் ஆஸ்பத்திரியின் எஞ்சின் திணறியது. படுக்கையில் இருந்தவர் சிலரை வேனில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பினார்கள். அவர்களுள் செண்பகம் என்ற மூதாட்டி, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் பிச்சையாவின் மனைவி, பாதி வழியில் உயிர் நீத்தாள்.

கொண்டல் வந்தது, மழை பிடித்தது. வெளியூரிலிருந்து வந்த விசாரணைக் குழுவினர் கொட்டும் மழையில் தார்ப்பாய் கட்டிச் சுரங்கத்தில் இறங்கி, கிழக்குப் பாதியைத் திறந்து பார்த்தனர். கம்பி பழுதின்றி இருந்தது. கருகல் இல்லை, நிறமாற்றம் இல்லை. முழு வளையத்துக்கும் ஓட்டிய கணக்கும் முடிந்தது. அவ்விடத்தில் முதலில் பட்ட சூடு இவ்வளவு என்று கொண்டால் கம்பி அன்று மாலைக்குள் உருகியிருக்கும். அதில் ஒரு சிறிது குறைத்துக் கொண்டால் தானே ஆறியிருக்கும். எவ்வளவு இருந்தது என்பதை அளந்திருக்கக்கூடிய ஒரே உணரியின் பெட்டியை அன்று உமையாள் கழற்றியிருந்ததால், அது காட்டிய அளவை நம்ப வழியில்லை. வடித்ததன் தேவை மெய்ப்பிக்கப்படவில்லை என்று குழு எழுதிச் சென்றது.

உரிய வேளையில் தடுக்கப்பட்ட தீமை தடயம் விட்டுச் செல்வதில்லை. வராமலே போயிருக்கக்கூடிய தீமையும் அவ்வாறே. இரண்டையும் பிரித்தறியும் கருவியொன்றைத் திலகவதியால் கட்ட இயலாது.

நெல்லையப்பன் அவளிடம் அதைப்பற்றிப் பேசவில்லை. மெதுவாக ஓடினாலும் சரி, முழு வளையமும் கணக்கில் வரவேண்டும், அதுவரை கிழக்கில் ஆள் இறங்கக்கூடாது என்று மட்டும் உத்தரவிட்டார். மீன்கடையில் ஒருத்தி, திலகவதியின் காதில் விழும்படியே, "நாத்தனாளக் காப்பாத்த ஊரையே அணைச்சவ பாரு," என்றாள்.

உமையாள் அதைக் கேட்டுச் சிரித்தாள். "பேசிட்டுப் போறா மதினி. நாத்தனாளுக்காக ஊர இருட்டாக்குன மதினி எந்த ஊர்ல இருக்கா? எனக்குப் பெருமையாத்தான் இருக்கு." பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "நீங்க ஒறங்குதியளா இல்லியா?" என்றாள்.

திலகவதி உறங்கவில்லை. கீழே வேறு எவளோ ஒருத்தி நடந்திருந்தால்? அந்த வினாவின் அருகே சென்றபோதெல்லாம் எழுந்து வீட்டுக்குள் நடந்தாள். கணவர் விளக்கைப் போட்டுக்கொண்டு உடன் அமர்ந்திருப்பார்.

கார்த்திகையில் மழை சற்று ஓய்ந்த ஒரு காலைப்பொழுது. மழையுண்ட கோயிலின் வெளிப்பிராகாரத்தில் புல் முழங்கால் உயரம் எழுந்திருந்தது. திலகவதி உழவாரம் கொண்டு அதைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். களைகளுக்கிடையே வெண்மையாய்ப் பூத்திருந்த தும்பையை மட்டும் மிதியாமல், பறித்து மடியில் இட்டுக்கொண்டாள். ஈரத் தரையில் செருப்பில்லாத காலடிகள் வந்து நின்றன. உயரமான முதியவர், சவரம் செய்யாத முகம்.

"நீதான் அந்த வளையத்துக்காரியா?"

"ஆமாய்யா."

"நான் பிச்சையா. செண்பகத்து வீட்டுக்காரன்."

அவள் உழவாரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"நீ ஒக்காரு. நானும் ஒக்காருதேன். நின்னா முட்டி நோவுது."

இருவரும் அமர்ந்தார்கள். அவர் கை நீட்டி எதிரிலிருந்த புல்லில் ஒரு பிடி பிடுங்கினார். வேரில் இருந்த மண்ணைத் தட்டினார்.

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்கி நீ அணைக்காம இருந்திருந்தா, உள்ள இருந்தவுக செத்திருப்பாவளா?"

குழுவின் முன் சொல்வதற்கென்று அவள் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் பல. அவற்றுள் ஒன்றும் நாவுக்கு வரவில்லை.

"தெரியலய்யா."

"கம்பி வெந்திருந்துச்சா?"

"இல்லய்யா. நல்லாத்தான் இருந்துச்சு."

"வெந்திருக்குமா?"

"வெந்திருக்கலாம். வேகாமயும் போயிருக்கலாம். நிச்சயமாத் தெரிஞ்சுக்கணும்னா விட்டுப் பாத்திருக்கணும். மனசு வரல." அவள் மடியிலிருந்த தும்பையைக் கையால் மூடிக்கொண்டாள். "உள்ள இருந்ததுல ஒருத்தி என் நாத்தனா. அதுனாலதான் மனசு வரலையான்னும் தெரியலய்யா."

பிச்சையா புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி ஒருபுறம் குவித்தார். கோபுரத்துப் புறாக்கள் ஒருமுறை எழுந்து சுற்றி வந்து அமர்ந்தன.

"தெரியும்னு நீ சொல்லியிருந்தா, நாலு வார்த்த நாக்கப் பிடுங்குத மாதிரி கேட்டுட்டுப் போயிருப்பேன். அதுக்குத்தான் வந்தேன். எத்தன நாளா மனசுக்குள்ள சொல்லிப் பாத்து வச்சிருந்தேன் தெரியுமா?" மூக்கை உறிஞ்சினார். "உள்ள யாரு யாரு இருந்தாவ?"

"உமையாள், ஆவுடையம்மாள், செல்லக்கனி."

"பிள்ளகுட்டிக உண்டா?"

"ரெண்டு பேருக்கு உண்டு. செல்லக்கனிக்குத் தையிலதான் கல்யாணம்."

"மாப்ள எந்த ஊரு?"

"ஏரலு."

"அந்த ரூட்டுல நான் வண்டியில போயிருக்கேன். நல்ல ஊரு." அவர் எழ முயன்றார். அவள் தோள் கொடுத்தாள்.

சந்நிதியின் கதவு திறந்திருந்தது. அர்ச்சகர் இன்னும் வரவில்லை. உள்ளே இருளும் ஈரமும் நேற்றைய வில்வத்தின் மணமும் இருந்தன. திலகவதி மடியிலிருந்த தும்பைப் பூக்கள் அனைத்தையும் எடுத்து, தனக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், முதியவரின் இரு கைகளிலும் நிறைத்தாள். அவர் வாயிற்படியின் கல்லில் குனிந்து அவற்றைச் சொரிந்தார். மந்திரம் எதுவும் சொல்லவில்லை. செண்பகம் என்று ஒருமுறை சொன்னார். சற்றுப் பொறுத்து, அவள் சொன்ன மூன்று பெயர்களையும், வரிசை மாறாமல், ஒவ்வொன்றாகச் சொன்னார். திலகவதி நிலத்தில் வீழ்ந்து வணங்கினாள்.

எழுந்தபோது அவர் கல்தொட்டியிலிருந்து திருநீற்றை எடுத்திருந்தார். அவள் நெற்றியில் இட்டார், நீறு புருவத்திலும் சிந்தியது.

"செல்லக்கனி கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும். உள்ள எறங்குனவுக எல்லாரும் பிள்ளகுட்டியோட நெறஞ்சு வாழட்டும். நீயும் நல்லா இரு தாயி. ஒனக்கு ஒறக்கம் வரட்டும்."